சேசி சுவிட்ச்சா, ஸ்டாக்கா, தனிச் சுவிட்ச்சா? யாழ்ப்பாணத்து மின்சாரத்தை வைத்துப் பார்த்தால்

யாழ்ப்பாணத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கோ கல்லூரிக்கோ ஹோட்டலுக்கோ நெட்வேர்க் போடும்போது, போன், கமரா, கொம்பியூட்டர் எல்லாவற்றையும் வயரால் இணைக்கும் பெட்டிதான் நெட்வேர்க் சுவிட்ச், அதில் வயர் செருகும் துளைதான் போர்ட். நூற்றைம்பது போர்ட்டைத் தாண்டிவிட்டால் கையில் மூன்று விதமான கொட்டேசன் வந்து நிற்கும். ஒரு பெரிய பெட்டி, அதற்குள் மொடியூல்களைச் செருகிக்கொள்ளலாம், அதுதான் சேசி சுவிட்ச். அடுத்தது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே சுவிட்ச்சாக இயங்கவைக்கும் ஸ்டாக். மூன்றாவது, பவர் சப்ளையை உள்ளேயே வைத்து மூடிய தனித்தனிச் சுவிட்ச்கள். பெரும்பாலும் இவற்றை விலை, வேகம், போர்ட் எண்ணிக்கை என்று வைத்து ஒப்பிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: வரும் மின்சாரத்தில் பாதி போய்விட்டால் இந்தப் பெட்டி எதை அணைக்கும், எதைத் தொடர்ந்து ஓடவிடும், அந்த வரிசையை நான் எழுதிவைக்க முடியுமா?

கொழும்பில் ஒரு டேட்டா சென்டருக்குள் சுவிட்ச் வைப்பவருக்கு இந்தக் கேள்வி பின்னால் வந்தால் போதும். எங்களுக்கு அப்படியில்லை. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது, அந்த நேரத்தில் ஜெனரேற்றருக்கு டீசலும் கிடைக்கவில்லை, அதனால் "ஜெனரேற்றர் இருக்கு" என்று எழுதிவைத்த திட்டமெல்லாம் அங்கேயே நின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் வந்த கோளாறில் முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. குடாநாட்டுக்கு மின்சாரம் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு வரும் 132 கிலோவோல்ட் லைனை நம்பியிருக்கிறது, நடுவில் எங்கே என்ன நடந்தாலும் எங்களுக்கு இருட்டு. மழைக்காலத்தில் ஒரு நிமிடம் போய் வருவதும், பின்னேரம் வோல்ட்டேஜ் இறங்குவதும் கணக்கிலேயே வராதவை.

ஆகவே இங்கே பவர் சப்ளை என்ற பொருள் பழுதாவது அரிது, அதற்கு வரும் கரண்ட் நிற்பதுதான் அடிக்கடி. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் சேசிக்குள் இருக்கும் பவர் அமைப்புகளில் எது நமக்குச் சரி என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் வாட் கணக்கு

எல்லாத் தெரிவுக்கும் பொதுவான கணக்கு ஒன்று இருக்கிறது, அதைப் போடாமல் பெட்டியைப் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை. ஒரு நாலு மாடி ஆஸ்பத்திரி என்று வைப்போம். 60 ஐபி போன், 40 கமரா, 24 வைஃபை அக்சஸ் பொயின்ட். எல்லாம் நெட்வேர்க் வயரிலேயே கரண்ட் எடுக்கும் பிஓஇ சாமான். 

பிஓஇயில் ஒரு சாமானைச் செருகியதும் அது தன் வகுப்பைச் சொல்லும், சுவிட்ச் அந்த வகுப்புக்குரிய வாட்டை ஒதுக்கிவைக்கும். வகுப்பு 1க்கு 4 வாட், 2க்கு 7 வாட், 3க்கு 15.4 வாட், 4க்கு 30 வாட். 2003இல் வந்த தரம் 15.4 வாட்டோடு நின்றது, 2009இல் வந்தது 30க்குப் போனது, 2018இல் வந்தது போர்ட்டுக்கு 90 வாட் வரை. எங்கள் உதாரணத்தில் போன் வகுப்பு 2, கமரா வகுப்பு 3, அக்சஸ் பொயின்ட் வகுப்பு 4 என்றால் 420, 616, 720, கூட்டினால் 1756 வாட் ஒதுக்கவேண்டும்.

ஆனால் உண்மையில் அவ்வளவு ஓடாது. போன் ஒன்று 4 வாட், கமரா 8 வாட், அக்சஸ் பொயின்ட் 15 வாட் என்று எடுத்தால் மொத்தம் 920 வாட்தான். ஒதுக்கியது 1756, ஓடுவது 920. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். பெட்டியும் பவர் சப்ளையும் வாங்கும்போது 1756ஐ வைத்துக் கணக்குப் போடவேண்டும், ஏனென்றால் ஒதுக்க இடமில்லாவிட்டால் சுவிட்ச் புதிதாகச் செருகிய சாமானுக்குக் கரண்ட் தராது, பவர் சப்ளை சும்மா இருந்தாலும் தராது. பற்றரி வாங்கும்போது 920ஐ வைத்துப் போடவேண்டும், ஏனென்றால் பற்றரியைக் குடிப்பது உண்மையில் ஓடும் வாட். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு, தேவைக்கு இரண்டு மடங்கு யூபிஎஸ் வாங்கிய இடங்களும் உண்டு, போதாத பவர் சப்ளையோடு நிற்கும் இடங்களும் உண்டு.

சாமானும் சுவிட்ச்சும் எல்எல்டிபி (தங்கள் விவரத்தை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை) வழியாகப் பேசிக்கொண்டால் ஒதுக்கீடு உண்மைத் தேவைக்குக் கிட்ட இறங்கும். அது வேலை செய்கிறதா என்று சுவிட்ச்சில் "ஷோ பவர் இன்லைன்" என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்துவிட்டே அடுத்த சாமானுக்குப் போங்கள்.

சேசி: வலிமை எங்கே, வலி எங்கே

சிஸ்கோ கம்பனியின் கட்டலிஸ்ட் 9400ஐ உதாரணமாக எடுக்கிறேன், ஏனென்றால் இங்கே கொட்டேசனில் வருவது பெரும்பாலும் அதுதான். 4, 7, 10 இடமுள்ள மூன்று அளவில் வருகிறது. ராக்கில் (சுவிட்ச்களைப் பூட்டும் இரும்புச் சட்டத்தில்) முறையே 6, 10, 13 யூனிட் உயரம் பிடிக்கும். சுப்பவைசர் மொடியூல் மூளை, லைன் கார்ட்கள் போர்ட் தருபவை, கீழே பவர் சப்ளைகள், ஓரத்தில் விசிறித் தட்டு. எல்லாவற்றையும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றிப் பூட்டலாம். இரண்டு சுப்பவைசர் போட்டால் ஒன்று விழும்போது மற்றது பொறுப்பெடுக்கும். ஒரு லைன் கார்ட் பழுதானால் அந்த இடத்தின் கொன்பிகரேஷன் (நாம் எழுதிவைத்த அமைப்பு விவரம்) அப்படியே இருக்கும், புதுக் கார்ட்டைச் செருகினால் அதே வேலையைத் தொடரும். இந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை. ஒரே இடத்தில் 300 போர்ட், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், நல்ல மின்னறை, இவை மூன்றும் இருந்தால் சேசியை விடச் சுத்தமான அமைப்பு கிடையாது.

ஆனால் பவர் விஷயத்தில் இங்கே ஆற அமர யோசிக்கவேண்டும். சேசி பவரைக் கையாளும் விதம் மூன்று.

ஒன்று கொம்பைண்ட். இருக்கிற எல்லாப் பவர் சப்ளையின் வாட்டையும் ஒன்றாகக் கூட்டி, முழுவதையும் செலவுக்குத் திறந்துவிடுவது. இரண்டு 3200 வாட் சப்ளை இருந்தால் 6400 வாட் கையில் இருப்பதாகக் காட்டும். பார்க்க நல்லா இருக்கும், புதிது புதிதாகக் கார்ட் செருகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஒரு சப்ளை நின்றதும்தான் தெரியவரும், மீதி 3200க்குள் அடங்காதவற்றைச் சுவிட்ச் அணைக்கத் தொடங்கும், லைன் கார்ட் முழுசாகவே போகலாம்.

இரண்டாவது என்+1. ஒரு சப்ளையை ஒதுக்காக வைத்துவிட்டு மீதியை மட்டும் செலவுக்குத் தருவது. மூன்று சப்ளை போட்டால் இரண்டின் வாட்தான் கணக்கில் வரும். ஒன்று பழுதானால் எதுவும் அசையாது. கொட்டேசன்களில் அதிகம் வருவதும், கேட்டதும் பாதுகாப்பானதாகத் தோன்றுவதும் இதுதான், இங்கே அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். மூன்று சப்ளையை இரண்டு லைனில் செருகவேண்டும் என்றால் ஒரு லைனில் இரண்டு, மற்றதில் ஒன்று. இரண்டு இருக்கும் லைன் போனால் மிஞ்சுவது ஒரே ஒரு சப்ளை. என்+1 காப்பாற்றுவது ஒரு சப்ளையின் இழப்பிலிருந்து, லைனின் இழப்பிலிருந்து அல்ல. முன்னே சொன்ன வித்தியாசம் இங்கேதான் காசாக மாறுகிறது.

மூன்றாவது என்+என். சப்ளைகளைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியை ஒரு லைனிலும் மறுபாதியை இன்னொரு லைனிலும் போட்டு, பாதியின் வாட்டை மட்டுமே செலவுக்குத் தருவது. ஒரு லைன் முழுசாக நின்றாலும் பெட்டி தும்மாது. காசு அதிகம், வாங்கிய வாட்டில் பாதி எப்போதும் சும்மா இருப்பதுபோலத் தெரியும், கணக்காளர் கேள்வி கேட்பார். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் சேசி என்று முடிவெடுத்தால் இதைத் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். எங்கள் ஆஸ்பத்திரி உதாரணத்தில் பிஓஇக்கு 1756 வாட், அதோடு சுப்பவைசர், கார்ட், விசிறி எல்லாம் சேர்த்து ஒரு 1200 என்று வைத்தாலும் 3200க்குள் அடங்கிவிடும், ஆக இரண்டே இரண்டு 3200 வாட் சப்ளை, ஒவ்வொன்றும் வெவ்வேறு லைனில், போதும். மூன்றாவது வேண்டாம். சப்ளை எத்தனை என்பதைவிட அவை எங்கிருந்து கரண்ட் எடுக்கின்றன என்பது பெரிது.

பழைய 4500, 6500 வகைகளிலும் இதே யோசனை வேறு பெயரில் இருக்கிறது. 6500இல் கொம்பைண்ட் போட்டால் இரண்டு மடங்கு கிடைக்காது, ஒன்றின் வாட்டைப்போல ஏறத்தாழ 1.67 மடங்குதான் கணக்கில் எடுக்கும். பாவித்த 6500 ஒன்றை மலிவாக வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி மலிவு, அது தின்னும் கரண்ட் மலிவில்லை.

"வெவ்வேறு லைன்" என்று சொல்வது சுலபம். யாழ் நகரில் ஒரு கட்டடத்தில் புதிதாக வைத்த சேசியைப் பார்க்கப் போயிருந்தேன், இரண்டு சப்ளை, இரண்டு தடித்த கறுப்பு வயர், சுவரில் இரண்டு சொக்கற், ஒன்றுக்கு ஏ மற்றதுக்கு பி என்று அழகாக லேபல் ஒட்டியிருந்தது. கூட வந்த எலெக்ட்ரீசியன் பிரேக்கர்கள் இருக்கும் டிபி போட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார், "அண்ணை, ரெண்டும் ஒரே பிரேக்கரிலதான் நிக்குது." அந்தப் பிரேக்கர் விழுந்தால் ஏயும் பியும் ஒன்றாகப் போகும். காகிதத்தில் என்+என், சுவருக்குள் வெறும் ஒன்று. இதைச் சுவிட்ச்சின் எந்தக் கட்டளையும் காட்டித்தராது, "ஷோ பவர்" இரண்டும் நலம் என்றுதான் சொல்லும். டிபி போட்டைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.

வயரையும் பாருங்கள். 3200 வாட் சப்ளை முழுச் சுமையில் எங்கள் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 15 அம்பியர் இழுக்கும். எங்கள் வழக்கமான சதுரக்கால் பிளக் 13 அம்பியர் பியூஸோடு வருவது. அன்றாடம் அவ்வளவு இழுக்காது என்பது உண்மைதான், ஆனால் ஒரு லைன் போனதும் மற்ற சப்ளை முழுச் சுமையையும் ஏற்கும், சரியாக அந்த நேரத்தில் பியூஸ் போனால் இவ்வளவும் செய்தது வீண். சப்ளை ஒவ்வொன்றுக்கும் தனி 20 அம்பியர் லைன் இழுத்து, நீல நிற இன்டஸ்ட்ரியல் சொக்கற் பூட்டச் சொல்லுங்கள். இந்தச் செலவு கொட்டேசனில் இருக்காது.

மொடியூல் பக்கம் ஒன்றிரண்டு விஷயம். புதுக் கார்ட் ஒன்றைச் செருகி, அதற்கு ஒதுக்க வாட் இல்லாவிட்டால் அது பழுது மாதிரியே தெரியும், "ஷோ மொடியூல்" பார்த்தால்தான் பவர் மறுக்கப்பட்டது என்று சொல்லும். அதைப் பார்க்காமல் கார்ட்டைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பாதீர்கள். எந்தக் கார்ட் முதலில் அணையலாம், எது கடைசி வரை நிற்கவேண்டும் என்ற முன்னுரிமையை நாமே எழுதிவைக்கலாம், ஐசியு மாடிக்கும் சேர்வர்களுக்கும் போகும் கார்ட் கடைசியாக இருக்கட்டும். வெறும் இடங்களை மூடித் தகடு போட்டு அடைத்தே வையுங்கள். தகடு இல்லாவிட்டால் காற்று போகவேண்டிய வழியில் போகாமல் அந்த ஓட்டையால் போய்விடும், கார்ட் சூடாகும். எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது, பல்லி. சூடான இடம் தேடி உள்ளே போய் பலகையில் கால் வைத்தால் அதுவும் போகும், கார்ட்டும் போகும். 9400இல் காற்று பக்கத்துக்குப் பக்கம் போகிறது, எனவே சுவரோடு ஒட்டிய ஒடுங்கிய கபினெற்றுக்குள் அதைத் தள்ளிவைக்கவும் கூடாது.

சேசிக்கு எதிராக எனக்குள்ள பெரிய காரணம் உதிரிப்பாகம். சேசிக்கென்று ஒரு லைன் கார்ட் வாங்கி அலுமாரியில் வைத்தால் அது அந்தச் சேசிக்கு மட்டும்தான் உதவும். சுப்பவைசருக்கு உதிரி வாங்கிவைக்கும் நிறுவனத்தை இங்கே காண்பது அரிது, ஒன்றோடு ஓட்டுபவர்கள்தான் அதிகம். அது விழுந்தால் 300 போர்ட்டும் ஒன்றாக விழும், பிறகு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பாகம் வரும்வரை காத்திருக்கவேண்டும். ஒற்றைச் சுப்பவைசரோடு சேசி வாங்குவதென்றால் வாங்காமலே விடலாம்.

ஸ்டாக்: பெரும்பாலோருக்கு இதுதான்

ஸ்டாக் என்பது 48 போர்ட் சுவிட்ச்களை அடுக்கி, பின்னால் கேபிளால் வளையமாக இணைத்து, ஒரே சுவிட்ச்சாக நிர்வகிப்பது. கட்டலிஸ்ட் 9300இல் எட்டு வரை சேரலாம். ஒவ்வொன்றிலும் பின்னால் கழற்றிப் பூட்டும் இரண்டு பவர் சப்ளைக்கு இடம் இருக்கும், 350, 715, 1100 வாட் அளவுகளில். அரூபா, ஜூனிப்பர் போன்ற மற்றக் கம்பனிகளின் சுவிட்ச்களிலும் இதே மாதிரி அமைப்பு இருக்கிறது, பெயர்தான் வேறு.

9300இல் ஸ்டாக்பவர் என்று இன்னொரு கேபிளும் இருக்கிறது, அது டேட்டாவுக்கு அல்ல, மின்சாரத்துக்கு. நாலு சுவிட்ச் வரை தங்கள் பவர் சப்ளைகளைப் பங்குக் கிணறு மாதிரி பொதுவில் விட்டு, தேவையானவர் தேவையான அளவு எடுத்துக்கொள்ளலாம். 9300எல், 9200 வகைகளில் இது கிடையாது, விலை குறைவாக இருக்கிறதே என்று அவற்றுக்கு மாறும்போது இதையும் சேர்த்துத்தான் விடுகிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரிக் கணக்கையே இதில் போடுவோம். 715 வாட் சப்ளை ஒன்றோடு ஒரு 48 போர்ட் 9300, தன் சொந்தச் செலவுக்கு எடுத்ததுபோக 437 வாட் பிஓஇக்குத் தரும். நாலு சுவிட்ச் என்றால் 1748. எங்களுக்கு வேண்டியது 1756. எட்டு வாட் குறைகிறது! உண்மையில் ஓடப்போவது 920தான் என்றாலும், கடைசியாகச் செருகும் சாமான் கரண்ட் கிடைக்காமல் நிற்கும், அது எந்தச் சாமான் என்பது செருகிய வரிசையைப் பொறுத்தது. எல்எல்டிபி சரியாகப் பேசினால் இந்தச் சிக்கல் மறைந்துவிடும், இல்லாவிட்டால் ஐந்தாவது சப்ளை ஒன்று.

இப்போது அந்த நாலு சப்ளையில் ஒன்று நின்றுவிட்டது என்று வையுங்கள். பொதுவில் 2145 வாட் மிஞ்சும், நாலு சுவிட்ச்சின் சொந்தச் செலவு ஒவ்வொன்றும் 278 வீதம் 1112ஐக் கழித்தால் பிஓஇக்கு 1033. ஒதுக்கியதைவிட எவ்வளவோ குறைவு, ஆனால் ஓடுகிற 920ஐவிடக் கூட. இங்கேதான் ஸ்டாக்பவரில் இரண்டு போக்கு பிரிகிறது. ஸ்ட்ரிக்ட் என்று வைத்திருந்தால், ஒதுக்கீடு கையிருப்பைத் தாண்டிவிட்டது என்று சொல்லிச் சாமான்களை அணைக்கத் தொடங்கும், உண்மையில் போதுமான கரண்ட் இருந்தாலும் அணைக்கும். நொன்-ஸ்ட்ரிக்ட் என்றால், ஓடுகிற வாட் கையிருப்புக்குள் இருக்கும்வரை ஒன்றையும் தொடாது. எங்கள் உதாரணத்தில் ஒரு போன்கூட அணையாது. ஆஸ்பத்திரிக்கு நான் நொன்-ஸ்ட்ரிக்ட்டைத்தான் விடுவேன், ஆனால் 920 என்பது இரவில் எல்லாக் கமராவும் இருட்டுக்கான விளக்கைப் போடும்போது ஏறும் என்பதால் இராத்திரி ஒருமுறை வாட்டைப் பார்த்துவிட்டு.

அணைக்கும் வரிசையையும் எழுதிவைக்கலாம். முதலில் குறைந்த முன்னுரிமைப் போர்ட்கள், பிறகு உயர்ந்த முன்னுரிமைப் போர்ட்கள், கடைசியில்தான் சுவிட்ச்சே அணையும். பார்வையாளர் கூடத்து வைஃபை முதலில் போகட்டும், தாதிமார் மேசைப் போன் கடைசி வரை இருக்கட்டும். இதை எழுதாமல் விட்டால் சுவிட்ச் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கும், அதற்குத் தாதி மேசை எது என்று தெரியாது.

நாலு சுவிட்ச்சுக்கும் இரண்டாவது சப்ளை வாங்கி, இடது பக்கத்துச் சப்ளை எல்லாம் ஒரு யூபிஎஸ்ஸிலும் வலது பக்கத்தவை எல்லாம் வேறு லைனிலும் போட்டால், சேசியின் என்+என் இங்கேயும் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொன்றும் சின்னச் சப்ளை என்பதால் சாதாரணச் சொக்கற் போதும். கூடவே வரும் பவர் வயரை மட்டும் பத்திரமாக வையுங்கள், இவற்றின் வயர் முனை கேத்தில் வயரில் இருப்பதுபோலப் பள்ளமுள்ளது, வழக்கமான கொம்பியூட்டர் வயர் ஏறாது.

உதிரிக்கு ஒரே ஒரு சுவிட்ச்சும் ஒரே ஒரு சப்ளையும் அலுமாரியில் இருந்தால் எந்த மாடியில் எது பழுதானாலும் அதே உதவும். ஒரு சுவிட்ச் போனால் 48 போர்ட்தான் போகும்.

குறை இல்லாமல் இல்லை. ஸ்டாக்பவர் கேபிளின் நீளமான வகையே ஒன்றரை மீற்றர்தான், ஆக எல்லாச் சுவிட்ச்சும் ஒரே ராக்கில் இருந்தால்தான் இந்தப் பங்கு. மாடிக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தால் ஒவ்வொன்றும் தன் சப்ளையோடு தனியே நிற்கும், அப்போது 24 அக்சஸ் பொயின்ட்டையும் ஒரே சுவிட்ச்சில் குவித்தால் 720 வாட் கேட்கும், 437 வாட் கொடுக்கும், பத்து அக்சஸ் பொயின்ட் எழும்பாது. பரவலாகச் செருகவேண்டும். அப்புறம், கரண்ட் போய் வந்தால் சுவிட்ச் முழுசாக எழும்பப் பல நிமிடம் எடுக்கும். 9300இல் ஃபாஸ்ட் பிஓஇ என்றொரு வசதி இருக்கிறது, சுவிட்ச் எழும்பி முடிக்கும்வரை காத்திராமல் போன்களுக்கும் அக்சஸ் பொயின்ட்களுக்கும் முன்பே கரண்டைக் கொடுத்துவிடும், இரண்டும் ஒரே நேரத்தில் எழும்பிவிடும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் அதைப் போட்டுவையுங்கள்.

தனிச் சுவிட்ச்

பவர் சப்ளை உள்ளேயே மூடிய சாதாரண 24, 48 போர்ட் சுவிட்ச்கள். பள்ளிக்கூடம், சின்னக் கடைத்தொகுதி, ரியூசன் நிலையம் இவற்றுக்கு இதற்கு மேல் வேண்டாம். சப்ளை பழுதானால் பெட்டியையே மாற்றவேண்டும், ஆனால் கொன்பிகரேஷனை ஏற்றிவைத்த ஒரு உதிரி இருந்தால் யாராவது ஒரு ஆசிரியர்கூடப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். வளவுக்குள் கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் இணைப்பு மட்டும் பைபராக இருக்கட்டும். எங்கள் மண் சுண்ணாம்புக்கல்லின்மேல் மெல்லிதாகக் கிடக்கிறது, நல்ல எர்த் எடுப்பது கஷ்டம், ஐப்பசி கார்த்திகை இடியில் வெளியே இழுத்த செப்பு வயர் இரண்டு முனைச் சுவிட்ச்சையும் சேர்த்தே எரித்துவிடும்.

பற்றரியும் சோலாரும்

ஸ்டாக்கோ சேசியோ, கடைசியில் பற்றரிதான் பேசும். எங்கள் உதாரணத்தில் சாமான்கள் 920, சுவிட்ச்கள் (ஒதுக்கிய 1112 அல்ல, உண்மையில் ஓடுவது) ஒரு 500, சப்ளையின் இழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து ஏறத்தாழ 1600 வாட். நாலு மணித்தியாலம் ஓட 6.4 யூனிட். இன்வேற்றர் இழப்போடு 7.1. ஈய பற்றரியைப் பாதிக்கு மேல் வடியவிடாமல் வைக்கவேண்டும் என்றால் 12 வோல்ட் 150 அம்பியர்-மணி பற்றரி எட்டு. லித்தியம் என்றால் 5 யூனிட் பெட்டி இரண்டு. யூபிஎஸ் பற்றரிக்கு மாறியதும் தகவல் அனுப்பும் வகையாக இருந்தால், அந்தத் தகவலைப் பிடித்து வைஃபை போர்ட்களை மட்டும் அணைக்கும்படி எழுதிவைக்கலாம், 1600 வாட் 1200க்கு இறங்கும், நாலு மணித்தியாலம் ஐந்தே கால் ஆகும். காசு செலவில்லாமல் கிடைக்கும் நேரம் அது. சதுர அலை தரும் மலிவு இன்வேற்றரில் இந்தச் சப்ளைகளைப் போடாதீர்கள், சைன் அலை தருவதாக இருக்கட்டும்.

"கூரையில சோலார் இருக்குத்தானே" என்று நிர்வாகத்தில் ஒருவர் நிச்சயம் கேட்பார். மின்சார சபை லைனோடு கட்டிய வழக்கமான சோலார், லைன் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேற்றர் இருந்தால்தான் அதை இரண்டாவது லைனாக எண்ணலாம்.

அறைச் சூட்டையும் எண்ணுங்கள். பிஓஇயில் போகும் வாட் அறையில் சூடாவதில்லை, அது போய்ச் சேரும் இடத்தில்தான் சூடாகும். அறையில் மிஞ்சுவது சுவிட்ச்சின் சொந்தச் செலவும் இழப்பும், எங்கள் உதாரணத்தில் ஒரு 700 வாட், மணிக்கு ஏறத்தாழ 2400 பிரிட்டிஷ் வெப்ப அலகு. மிகச் சின்ன ஏசியே போதும். ஆனால் ஏசி யூபிஎஸ்ஸில் இருக்காது. கரண்ட் போனதும் ஏசி நிற்கும், சுவிட்ச் ஓடும், கதவு பூட்டியிருக்கும். 9300 சுற்றுச்சூடு 45 பாகை வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறார்கள், சித்திரை வெயிலில் பூட்டிய சின்ன அறை அந்த அளவை எட்ட அதிக நேரம் எடுக்காது. ஒரு வெளியேற்று விசிறியை யூபிஎஸ்ஸிலேயே போட்டுவிடுங்கள்.

எனவே என் முடிவு இது. ஒரே கட்டடம், ஒரே அறை, 250 போர்ட்டுக்கு மேல், இரண்டு சுப்பவைசருக்கும் இரண்டு உண்மையான லைனுக்கும் காசு இருக்கிறது என்றால் சேசி, என்+என். ஐம்பதிலிருந்து இருநூற்றைம்பது வரைக்கும் கழற்றிப் பூட்டும் இரட்டைச் சப்ளை கொண்ட ஸ்டாக், மாடி மாடியாகப் பிரிந்திருந்தால் அதே வகைச் சுவிட்ச்கள் மாடிக்கு மாடி தனியே. யாழ்ப்பாணத்தில் நான் பார்க்கும் ஆஸ்பத்திரி, ஹோட்டல், கல்லூரி எல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான் வரும். அதற்குக் கீழே தனிச் சுவிட்ச்சும் அலுமாரியில் ஒரு உதிரியும்.

எதை வாங்கினாலும், கடைசித் தவணைக் காசைக் கொடுப்பதற்கு முன்பு ஒரு பரிசோதனை கேளுங்கள், எழுத்திலேயே ஒப்பந்தத்தில் போடுங்கள். எல்லாச் சாமானும் செருகி ஓடிக்கொண்டிருக்கும்போது, பெட்டியின் வயரை அல்ல, டிபி போட்டில் ஏ லைனின் பிரேக்கரை இறக்கவேண்டும். பதினைந்து நிமிடம் அப்படியே விட்டு, "ஷோ பவர்", "ஷோ லொக்கிங்" இரண்டையும் பிரதி எடுத்து, எந்தப் போர்ட் அணைந்தது என்று பட்டியலோடு ஒப்பிடவேண்டும். பிறகு ஏயை ஏற்றி, இரண்டு சப்ளையும் திரும்பிவிட்டன என்று பார்த்துவிட்டு, பியை இறக்கவேண்டும். இரவில் ஒருமுறை, கமரா விளக்கெல்லாம் எரியும்போது, இதையே திரும்பச் செய்தால் இன்னும் நல்லது.